கார் துடைக்கும் துணிக்கும் தனிக் கவனம்!



"கார் துடைக்கிற துணிக்குக்கூட ஒரு பாடமா?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் எம்.கே.பி. நகரில் தெருவுக்கு நாலைந்து கார் நிற்கிற காலம் இது. அவற்றில் பல, மாதத் தவணை கட்டிக்கொண்டு வாடகைக்கு ஓடுகிற வண்டிகள். வண்டி பளிச்சென்று இருந்தால்தான் ஏறுகிறவர்களுக்குத் திருப்தி. நாளைக்கு விற்கப் போனாலும் பெயிண்டைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அந்தப் பெயிண்டைக் காப்பதும் கெடுப்பதும் துடைக்கிற துணி. அதைத் துவைக்கிற வேலையோ பெரும்பாலும் நம் தலையில்தான் வந்து விழுகிறது. "அழுக்குத் துணியோட இதையும் சேர்த்துப் போட்டுடும்மா" என்று மூலையில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்!

முன்பெல்லாம் பழைய வேட்டி, பனியன் வேஸ்ட் என்று எது கிடைத்தாலும் அதுவே கார் துணி. இப்போது எல்லோர் கையிலும் மைக்ரோஃபைபர் துணிதான். தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருப்பதால், பருத்தித் துண்டு போலத்தான் இதுவும் என்று நினைத்துவிடுகிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பருத்திக்கு நாம் செய்கிற உபசாரமெல்லாம் இதற்கு ஆகாது.

இது என்ன துணி?

இது முழுக்கச் செயற்கை இழை. பாலியெஸ்டரும் நைலானும் கலந்தது. அட்டையில் 80:20 என்றோ 70:30 என்றோ போட்டிருப்பது இந்தக் கலவைக் கணக்குத்தான். இழை எவ்வளவு மெல்லியது என்றால், 9,000 மீட்டர் நீளத்தை எடுத்து நிறுத்தாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. பட்டு இழையை விட மெலிசு! ஜப்பானில் டோரே கம்பெனியைச் சேர்ந்த மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி 1970ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட நுண்ணிழையைக் கொண்டு மான்தோல் போன்ற ஒரு துணியை உருவாக்கினார். பிற்பாடுதான் அது துடைக்கும் துணியாக வீடுகளுக்கு வந்தது.

நல்ல துணியில் ஒவ்வொரு இழையும் நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளந்திருக்கும். அந்தக் கீற்றுகளின் இடுக்கில்தான் தூசியும் எண்ணெய்ப் பசையும் ஈரமும் போய் உட்காருகின்றன. இடுக்கு திறந்திருக்கிற வரைக்கும் துணி வேலை செய்யும். அடைத்துக்கொண்டால் கந்தல்தான். ஆகவே இதைத் துவைப்பது என்றால், அந்த இடுக்குகளைக் காலி செய்து வைப்பது என்று அர்த்தம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் ஊர்த் தூசி லேசுப்பட்டதல்ல

வட சென்னைக்காரர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்து நிலக்கரிக் கரி, ராயபுரம் பக்கத்து மாடிக் கொடிகளில் காயப்போட்ட துணியைக் கறுப்பாக்கிய காலம் உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம், நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. என்றாலும் அத்திப்பட்டுப் பக்கத்து நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதி வேறு.

அனல் மின் நிலையச் சாம்பலில் சிலிக்கா அதிகம். புழுதியிலோ மணல் துகள். மணல் கண்ணாடியையே கீறக்கூடியது. கார் பெயிண்ட் எம்மாத்திரம்? சரியாகத் துவைக்காத துணியில் இந்தத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், நாம் துடைப்பதாக நினைத்துக்கொண்டு தேய்ப்பது உப்புத்தாள் மாதிரிதான்.

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. கணவர் கால் டாக்சி ஓட்டுகிறார். "வெயில்ல பார்த்தா வண்டி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறலா இருக்குக்கா. என்னன்னே தெரியலை" என்று வருத்தப்பட்டாள். துணியை வாங்கிப் பார்த்தேன். குழந்தையின் பருத்தித் துணிகளோடு ஒன்றாகத் துவைத்து, கடைசியில் வாசனைத் திரவத்திலும் அலசியிருக்கிறாள். துணி கமகமவென்று மணத்தது! ஆனால் நுனியெல்லாம் பஞ்சுத் திப்பி, நடுவில் மணல் நெறுநெறுப்பு. கார் துணியின் கரி குழந்தை துணிக்கும் போயிருக்கும் அல்லவா? அதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருந்தது.

துவைக்கும் முறை

1. முதலில் பிரித்துவிடுங்கள். பெயிண்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று வாங்குவது உத்தமம். சக்கரத்துத் துணியில் இரும்புத் தூள் இருக்கும். அதைத் தனி வாளியில்தான் போட வேண்டும். சமையலறைத் துணி, குழந்தைத் துணி, பருத்தித் துண்டு எதுவும் இவற்றோடு சேரக் கூடாது.

2. வெறும் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து, மண் கீழே இறங்கும் வரை அலசுங்கள். உலர்ந்த துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள். அந்தத் தூசி நம் மூக்குக்குத்தான் வரும்.

3. அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் லிக்விட் சோப்பு. கை தாங்குகிற சூடு போதும். 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் பட்டால் நுண்ணிழை சுருங்கி முரடாகிவிடும். இருபது நிமிடம் ஊறட்டும்.

4. கையால் அமுக்கி அமுக்கிக் கசக்குங்கள். கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது இரண்டும் கூடாது. மெஷினில் போடுவதானால் இவற்றை மட்டும் தனியாக, மென்மையான ஓட்டத்தில் போடுங்கள்.

5. நுரை போகும் வரை மூன்று தண்ணீர் அலசி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். இஸ்திரி போடவே வேண்டாம்.

6. காய்ந்ததும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டிக்கியில் சும்மா போட்டு வைத்தால் துவைத்ததே வீண். தரையில் விழுந்த துணியை மறுபடி துவைக்காமல் வண்டியில் வைக்கக் கூடாது.

புதிய துணியானாலும் ஒரு முறை துவைத்த பிறகே உபயோகியுங்கள். சாயமும் உதிரி இழையும் போய்விடும்.

உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் நீர் உள்ளே புகுந்தது பழைய கதை. எங்கள் பக்கத்திலும் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புக் கரிக்கிறது. இந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைப் பிசுக்குத்தான் வரும். அது இழை இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே கட்டி சோப்பு வேண்டாம். கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குங்கள்.

துணி விறைத்துப் போயிருந்தால், சோப்பில்லாத ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கப் வெள்ளை வினிகர் விட்டு, இருபது நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். உப்புப் படிவு கரைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே! வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்தைக் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் கண்ணும் நெஞ்சும் எரிந்து மூச்சே திணறிவிடும். இந்தத் துணிக்கு ப்ளீச்சிங் பவுடர் எப்படியும் ஆகாது, இழையைக் கெடுத்துவிடும். அதேபோல பெட்ரோல், தின்னர் தொட்ட துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அந்த வேலைகளுக்குப் பனியன் வேஸ்டே போதும்.

துணி நன்றாக இருக்கிறதா?

தரையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் நல்ல துணி. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனால் இடுக்கு அடைத்திருக்கிறது. வாசனைத் திரவம் போட்ட துணி இப்படித்தான் செய்யும். மறுபடி லிக்விட் சோப்பில் ஊறவைத்து, பல தண்ணீர் அலச வேண்டும். பரணில் பழைய சி.டி. கிடந்தால் அதன் பளபளப்புப் பக்கத்தில் துணியைத் தேய்த்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் பெயிண்டிலும் விழும். எதிர் வீட்டுப் பெண்ணின் துணி இந்தப் பரீட்சையில் தோற்றது. அதைச் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டு, பெயிண்டுக்குப் புதிதாக இரண்டு வாங்கிக்கொண்டாள். விழுந்த கீறல் துவைத்தால் போகாது; புதிதாக விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் எங்கே போகிறது?

செயற்கைத் துணியைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் தண்ணீரோடு போகின்றன. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் கணக்கிட்டபோது, 6 கிலோ பாலியெஸ்டர் துணியை ஒரு தடவை மெஷினில் துவைத்தால் சுமார் 5 லட்சம் இழைகள் உதிரலாம் என்று தெரிந்தது. கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும் இத்தனையும் அங்கே நின்றுவிடாது. மிஞ்சியது கடலுக்குத்தான். காசிமேட்டில் மீன் வாங்குகிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அடித்துத் துவைக்காமல், வெந்நீர் விடாமல் மெதுவாகக் கசக்கினால் உதிர்வதும் குறையும். துணியும் நாள்பட உழைக்கும்.

தேய்ந்த துணியை உடனே எறியாதீர்கள். பெயிண்ட் துடைத்தது கதவு இடுக்குக்கு, பிறகு சக்கரத்துக்கு, அதற்கும் பிறகு வாசல் கிரில்லுக்கு என்று படிப்படியாக இறக்கலாம். எதற்கும் உதவாதபோது குப்பை வண்டியில் உலர் குப்பையோடு சேருங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். அது பிளாஸ்டிக் புகை. கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகையை நாங்கள் சுவாசித்தது போதாதா?

அடுத்த இதழில் மழைக்காலத்தில் மெத்தை, தலையணைகளில் பூசணம் பிடிக்காமல் காப்பது பற்றிப் பார்ப்போமா?