பின்விளக்கு

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டோம். நண்பர் ஒருவருடைய மோட்டார் வண்டி. சாரதி நடுத்தர வயதுக்காரர். பேச்சுக் குறைவு, நிதானம் அதிகம். இந்த இரண்டு குணங்களும் ஒரு சாரதியிடம் சேர்ந்திருப்பது, பிரயாணிகள் பூர்வ ஜன்மத்தில் செய்த புண்ணியம் என்பது என் அபிப்பிராயம். அன்றிரவு அந்த அபிப்பிராயம் ஊர்ஜிதமாயிற்று.

இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரம். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். நாங்கள் வேதகிரி மலையைத் தாண்டும்போதே நன்றாக இருட்டிவிட்டது. கார்த்திகை மாதமாதலால் வீட்டு வாசல்களில் அகல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஊர் எல்லையைக் கடந்ததும் அந்த வெளிச்சமும் மறைந்தது. அச்சமயம் எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் முன்விளக்குகளின் ஒளி எங்கள் கண்களைக் குருடாக்கிற்று. பஸ் கடந்து போன பிறகும் சில கணங்கள் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு புலப்பட்டது என்னவென்றால், எங்களுக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புச் சுவர்!

பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் பட்டவுடனேயே எங்கள் சாரதி வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தார். ஆகையினால்தான் இந்தப் பகுதி இந்த வாரம் வெளிவருகிறது.

அந்தக் கறுப்புச் சுவர், மெள்ள ஊர்ந்து போய்க்கொண்டிருந்த ஒரு பழைய பிக்கப் வண்டி. பின்னால் ஒரு விளக்குக்கூட இல்லை. எங்கள் சாரதி ஹாரனை அடித்து, அதைத் தாண்டிப் போய், சாலை ஓரமாக நிறுத்தச் செய்தார். வண்டி ஓட்டி வந்தவன் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞன். விடியற்காலையில் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு செங்கற்பட்டுக்குப் போய்விட்டு, மாலையில் காலிப் பெட்டிகளுடன் திரும்புகிறவன். அந்தக் காலிப் பெட்டிகளுக்கு நடுவே, கால்களை மடக்கிக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

"பின்விளக்கு எரியவில்லையே, தம்பி?" என்றார் சாரதி.

"தெரியும், அண்ணே! இரண்டு மாதத்தில் மூன்று தடவை பல்பு மாற்றிவிட்டேன். ஒன்றும் பிரயோஜனம் இல்லை. வண்டி பழசு, இனிமேல் இப்படித்தான்" என்றான் அவன்.

கிழவி பெட்டிகளின் நடுவிலிருந்து சொன்னாள்: "முன்னாலே இருக்கிற அவனுக்கு வெளிச்சம் இருக்குதுங்க, ஐயா! பின்னாலே குந்தியிருக்கிற எனக்குத்தான் இருட்டு. எது வந்தாலும் முதலிலே என் மேலேதானே வரும்?"

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற சட்டத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை அல்லவா?

எங்கள் சாரதி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இளைஞனை விளக்கு ஸ்விச்சைப் போடச் சொல்லிவிட்டு, வண்டியின் பின்புறம் போய்க் குனிந்து பார்த்தார். சிவப்புக் கண்ணாடிக்குள் பல்பு முற்றும் அவியவில்லை. சாகப் போகிற மின்மினிப் பூச்சியைப் போல் மினுக்கிக்கொண்டிருந்தது. "இப்போது பிரேக்கை மிதி" என்றார். மிதித்தவுடன் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிய வேண்டியது நியாயம். ஆனால் இருந்த மினுக்கும் அவிந்துபோயிற்று. சாரதியின் முகத்தில் முதன்முதலாக ஒரு புன்னகையைக் கண்டேன்.

"பல்பின் பேரில் குற்றம் இல்லை, தம்பி! எர்த்துதான் கோளாறு" என்றார்.

இந்த இடத்தில் நேயர்களுக்குக் கொஞ்சம் மின்சார சாஸ்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது; பயப்பட வேண்டாம். வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்றில் மின்சாரம் போகிறது, மற்றொன்றில் திரும்புகிறது. மோட்டார் வண்டியிலோ பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போவதற்குத்தான் நீண்ட கம்பி உண்டு. திரும்பி வருகிற வழி, வண்டியின் இரும்புச் சட்டமேயாகும். விளக்கின் அடியிலிருந்து ஒரு சிறு கறுப்புக் கம்பி புறப்பட்டு, அருகிலேயே சட்டத்தில் ஒரு திருகாணியில் முடிகிறது. அதற்குத்தான் எர்த்து என்று பெயர். அந்தத் திருகாணியில் துரு ஏறிவிட்டால், போன மின்சாரம் திரும்பி வர முடியாது. திரும்பி வராத மின்சாரத்தினால் விளக்கு எரியாது.

பின்விளக்குப் பல்பு 5 வாட். பிரேக் விளக்குக்கு 21 வாட். பழைய வண்டிகளில் இரண்டு இழைகளும் ஒரே பல்புக்குள் இருப்பதுண்டு. 12 வோல்ட் பேட்டரியில் 5 வாட் இழைக்கு அரை ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். 21 வாட் இழைக்கோ ஒன்றேமுக்கால் ஆம்பியர் தேவை. துருப்பிடித்த வழியில் கொஞ்சம் மின்சாரந்தான் திரும்ப முடியும். பிரேக்கை மிதித்ததும் பெரிய இழையும் அதே குறுகிய வழியில் நெருக்கியடிக்கவே, இரண்டும் எரியாமல் போகின்றன. ஆகவே, பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குகிறது என்றால் முதலில் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சாரதி எங்கள் வண்டியிலிருந்து ஒரு முழக் கம்பி கொண்டுவந்தார். அதன் ஒரு முனையைச் சட்டத்தில் பெயின்டும் துருவும் இல்லாத இடத்தில் வைத்து, மறு முனையை விளக்கின் கறுப்புக் கம்பியில் தொட்டார். அடடா! கல்யாணப் பந்தல்போல் பின்புறம் முழுவதும் சிவந்தது. கிழவி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, எர்த்துத் திருகாணியைக் கழற்றினார். இரும்பில் துரு, செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளபளக்கும்படி செய்து, இறுக முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். மொத்தம் கால் மணி நேரம் ஆயிற்று. செலவு ஒரு காசுமில்லை.

"இந்தக் களிம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று அவர் இளைஞனைக் கேட்டார். பதில் அவருடைய விரலிலேயே இருந்தது. மீன் நாற்றம் அடித்தது. பெட்டிகளில் உருகும் ஐஸ் நீர் உப்புடன் கலந்து, பின்கதவு வழியாக வடிந்து, தினந்தோறும் அந்தத் திருகாணிக்கு அபிஷேகம் செய்து வந்திருக்கிறது. அத்துடன் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையில் கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் இந்த நோய் வரக்கூடியதே. நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுவதும், மாதம் ஒரு தடவை எர்த்தைக் கவனிப்பதும் இதற்குப் பரிகாரம்.

எல்லாக் கோளாறுக்கும் எர்த்தே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. வழியில் சாரதி சொல்லி வந்த மற்ற லட்சணங்களையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஒரு பக்கத்து விளக்கு மட்டும் எரியவில்லையானால், அந்தப் பக்கத்துப் பல்பு, அது உட்காரும் ஹோல்டர், அதன் எர்த்து ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பின்விளக்கு இல்லை, ஆனால் பிரேக் விளக்கு நன்றாக எரிகிறது என்றால், பியூஸையோ விளக்கு ஸ்விச்சையோ பார்க்க வேண்டும். பின்விளக்கு எரிந்து, பிரேக் விளக்கு இரண்டு பக்கமும் எரியாவிட்டால், பிரேக் மிதியடியின் அருகிலுள்ள சிறு ஸ்விச்சும் அதன் பியூஸும் சந்தேகத்துக்குரியவை. கல் பாரம் ஏற்றும் வண்டிகளில் அதிர்ச்சியினால் பல்பின் இழை அறுந்துபோகும். மாமல்லபுரத்தில் சிலைகள் ஏற்றிச் செல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு இழைப் பல்பின் பக்கங்களிலுள்ள இரு முளைகளும் ஒரே உயரத்தில் இரா. அவசரத்தில் மாற்றித் திணித்தால், பின்விளக்கு எப்போதும் பிரேக் விளக்கைப்போல் எரியும். பிரேக் போட்டால் பின்னால் வருகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது.

பியூஸ் அடிக்கடி போகிறதென்றால், கம்பி எங்கேயோ சட்டத்தில் உரசி, மேலுறை தேய்ந்து, இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைக்கும் சாமர்த்தியசாலிகள் நம் நாட்டில் பலர் உண்டு. அன்று அந்த பிக்கப் வண்டியிலும் ஒரு துண்டு வெள்ளித் தாள் அகப்பட்டது! பியூஸ் என்பது உருகுவதற்காகவே ஏற்பட்டது. அதை உருகாமல் செய்தால் கம்பி உருகும். பிறகு வண்டி எரியும்.

இவ்வளவு சிறிய விளக்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் செல்லுகிறது. ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் நாற்பது, நாற்பத்தைந்து மீட்டராவது ஓடிவிடும். எதிர் வெளிச்சத்தில் கண் கூசிய சாரதிக்கு, விளக்கில்லாத வண்டி அவ்வளவு தூரத்தில் தெரிவது துர்லபம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளோ, பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சொல்கின்றன. அதாவது, பின்னால் வருகிறவனுக்குச் சுமார் ஒன்பது விநாடி அவகாசம். ஐந்து வாட் விளக்கு ஒன்று ஒன்பது விநாடி ஆயுளைத் தானம் செய்கிறது! 2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒன்பது விநாடி போதுமானதாக இருந்திருக்கும்!

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்விளக்கு அவிந்தால் ஓட்டுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். அன்றிரவே ரிப்பேர் செய்துவிடுவான். பின்விளக்கு அவிந்தால் அவனுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் அவனுக்கு அதனால் அசௌகரியம் இல்லை. மற்றவர்களுக்காக எரிகிற விளக்கு அது. நம் முன்னோர்கள் வழிப்போக்கருக்காக வாசல் மாடத்தில் விளக்கு வைத்தார்கள். முகமறியாத பாரக்காரனுக்காகச் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். மாட்டு வண்டிக்காரன்கூட அச்சுக்குக் கீழே ஒரு லாந்தரைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் தூங்கினான். ஸ்வராஜ்யம் பெற்ற தேசத்தின் சாலையில், பின்னால் வருகிறவனைப் பற்றி அவ்வளவு அக்கறையாவது நமக்கு வேண்டாமா?

மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது, குன்றின் மேல் கலங்கரை விளக்கம் கடலைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கோபுரம் எழும்புவதற்கு முன்பு, பக்கத்திலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். ஊரார் விளக்குக்காக உழக்கு எண்ணெய் கொடுத்து வந்ததால் 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்ற பெயர் உண்டாகி, அதுவே இப்படித் திரிந்தது என்று சொல்வாரும் உண்டு. அந்த விளக்கினால் ஊராருக்கு வெளிச்சம் கிடையாது. கடலில் வருகிற யாரோ ஒருவனுக்காகவே அது எரிந்தது.

மோட்டாரோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் நேயர்கள் இன்று மாலையே ஒரு காரியம் செய்யலாம். வண்டியின் பின்புறம் வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, விளக்கைப் போடுங்கள். பிறகு பிரேக்கை மிதியுங்கள். சுவரில் சிவப்பு ஒளி விழுகிறதா, பிரேக் போட்டதும் அதிகமாகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷ வேலை.

மறுநாள் காலையில் கடற்கரைச் சாலையில் அந்த பிக்கப் வண்டியை மறுபடி கண்டேன். பட்டப் பகல்; ஆனாலும் பின்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அணைக்க மறந்துவிட்டானா, பார்த்து ரஸிப்பதற்காக விட்டு வைத்திருந்தானா, தெரியவில்லை. கிழவி இப்போது முன்னால், அவன் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாள்.