காணாமல் போன வாய்க்கால் எங்கே? துப்புக் கொடுக்கும் பழைய 'மேப்'!

பூதலூர்:

"கிணற்றைக் காணோம்" என்று சினிமாவில் வடிவேலு போலீசில் புகார் கொடுத்தார். தியேட்டரே சிரித்தது. ஆனால் தஞ்சைப் பக்கம் "வாய்க்காலைக் காணோம்" என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது. ஐப்பசி மழை கொட்டினால் வடியவும் வடியாது. நட்ட சம்பா நின்ற இடத்திலேயே அழுகும்.

காணாமல் போன வாய்க்காலுக்குச் சாட்சி யார்? மடை திறந்து, மதகு இறக்கிப் பழகிய பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். மிச்சம் இருக்கும் சாட்சி பழைய வரைபடம்தான். அந்தச் சாட்சியை ஊரறியக் கூண்டில் ஏற்ற இன்று ஒரு வழி இருக்கிறது. பைசா செலவில்லை. ஒரு கம்ப்யூட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

இரண்டு மேப், இரண்டு வேலை

'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று ஒன்று. 2004ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கி வைத்தது. விக்கிபீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். தன் தெருவை, தன் ஊர்க் குளத்தை, பஸ் ஸ்டாப்பை அவரவர் வரைகிறார்கள். 2010ல் ஹைட்டி நாட்டில் பூகம்பம் வந்தபோது மீட்புக்குப் போனவர்களுக்கு இந்த மேப்தான் கைகொடுத்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்ததே, அப்போது எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்களே இந்த மேப்பின் மேல் குறித்துக் காட்டினார்கள்.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயர் 'ஓப்பன் ஹிஸ்டாரிகல் மேப்'. அண்ணன் இன்றைக்கு இருப்பதைச் சொல்கிறான். தம்பி நேற்று இருந்ததைச் சொல்கிறான்.

இரண்டையும் குழப்பினால் வம்பு. தூர்ந்து போன குளத்தை இன்றைய மேப்பில் நீலமாக வரைந்து வைத்தால் அது பொய்ச் சாட்சி. அதை நம்பி வருகிற ஆம்புலன்ஸ் டிரைவர், இருக்கிற தெருவை விட்டுவிட்டு ஊரைச் சுற்றுவார். அதே குளத்தைப் பழைய மேப்பில், இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை இருந்தது என்று போட்டால் அது நல்ல சாட்சி.

வருஷம் ரொம்ப முக்கியம்!

கல்லணையில் பிரிந்து பூதலூர் வட்டாரத்தில் ஓடும் கல்லணைக் கால்வாயை எடுத்துக் கொள்வோம். ஜனங்கள் வாயில் அது 'புது ஆறு'. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியதால் அந்தப் பெயர். அணை முடிந்தது 1934ல். கால்வாயின் நீளம் சுமார் 148 கிலோமீட்டர். ஆக, 1920ல் அச்சான மேப்பில் புது ஆறு இல்லை என்றால் மேப் தப்பில்லை. அப்போது அந்த ஆறே இல்லை!

பூதலூர் வழியாகப் போகும் தஞ்சை–திருச்சி ரயில் பாதை 1862ல் திறந்தது. முதலில் அகலப் பாதை. 1870களில் அதைப் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். பிற்பாடு மறுபடியும் அகலப் பாதை. ஒரே பாதைக்கு மூன்று ஜாதகம்!

ஜில்லா எல்லையும் அப்படித்தான். புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974ல். நாகப்பட்டினம் 1991ல் பிரிந்தது. திருவாரூர் 1997ல். மயிலாடுதுறை 2020ல். 1980ல் எழுதின பத்திரத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் அது இன்றைக்கு எந்த மாவட்டம்? ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். வருஷம் போட்ட மேப் இருந்தால் பாதித் தலைவலி தீரும்.

பெரிய கோயிலில் அறுந்த கயிறு

இந்த வட்டாரத்து மேப் சும்மா வந்துவிடவில்லை. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலையை வில்லியம் லாம்டன் 1802ல் சென்னை பரங்கிமலை அருகே ஆரம்பித்தார். கையில் அரை டன் கனமுள்ள 'தியோடலைட்' கருவி. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துக் கொண்டு போய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பிய கருவி அது!

தஞ்சைக்கு வந்தால் எங்கே பார்த்தாலும் சமவெளி. ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது. எட்டிப் பார்த்தால் தென்னந்தோப்பு மறைக்கிறது. கோயில் கோபுரமே கதி என்று ஆனது. 1808ல் பெரிய கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. புதுக் கருவிக்குக் காத்திராமல் லாம்டன் தானே உட்கார்ந்து தட்டிக் கொட்டிச் சரி செய்து, மறுபடி அளக்கக் கிளம்பினார்.

அதற்கும் முன்னால் சோழர் காலத்திலேயே நிலத்துக்கு அடையாளம் வாய்க்கால்தான். 'இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இந்த வதிக்குக் கிழக்கு' என்று கல்வெட்டுகள் எல்லை சொல்கின்றன. அந்தக் கல்வெட்டுகளை வைத்தே சோழ நாட்டின் நாடுகளை மேப்பில் குறித்துக் காட்டினார் பேராசிரியர் எ.சுப்பராயலு. அவருடைய புத்தகம் 1973ல் வெளிவந்தது.

திருட்டுச் சரக்கு கூடாது

'பழைய மேப் எங்கே கிடைக்கும்?' என்று கேட்கலாம். 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தொகுப்பில் இருக்கின்றன. யாரும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். இந்திய அரசு வெளியிட்டவற்றுக்குக் காப்புரிமை 60 ஆண்டு. அது முடிந்தவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை.

கூகுள் மேப்பைப் பார்த்து நகல் எடுப்பது கூடாது. அது அடுத்தவன் சரக்கு. கண்டுபிடித்தால் வரைந்தது அத்தனையும் அழிக்கப்படும்.

'மேப் போட்டால் போலீஸ் பிடிக்குமா?' என்று சிலருக்கு உதறல். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திவிட்டது. இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ராணுவம் போன்ற பாதுகாப்பு இடங்களில் மட்டும் கை வைக்கக் கூடாது.

ஒரு மில்லிமீட்டர், 63 மீட்டர்!

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். பழைய சர்வே மேப்பில் ஒரு அங்குலம் என்பது ஒரு மைல். அதாவது, காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். மெல்லிய கோடே தரையில் 20, 30 மீட்டரை விழுங்கிவிடும். நிஜ வாய்க்காலின் அகலமோ மூன்று மீட்டர் இருந்தால் அதிகம்.

காகிதத்தை இன்றைய மேப்போடு பொருத்த, இடம் மாறாத அடையாளங்கள் வேண்டும். கோபுரம், ரயில் பாலம், ஆற்று மதகு இவைதான் ஆணி அடிக்கும் இடங்கள். எத்தனை ஆணி அடித்தாலும் கொஞ்சம் இழுபறி இருக்கத்தான் செய்யும்.

ஆகவே, பழைய மேப்பைக் காட்டி 'உன் வீடு வாய்க்காலில் நிற்கிறது' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. மேப் கொடுப்பது துப்பு. தீர்ப்பு அல்ல. 'இந்த வழியாக ஒரு வாய்க்கால் போனது' என்று அது சொல்லும். எந்த சர்வே நம்பரில், எத்தனை அகலத்தில் என்று சொல்ல வேண்டியது எஃப்.எம்.பி. என்கிற புலப்படமும், ஏ-பதிவேடும், கிராம வரைபடமும்தான்.

துப்பு கிடைத்த பிறகு?

துப்புக் கிடைத்தால் எந்த ஆவணத்தைக் கேட்பது என்று தெரிந்துவிடும். 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. குளம், குட்டைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2001ல் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கில் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ல் தனிச் சட்டமே வந்தது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 'இங்கே தண்ணீர் ஓடியது' என்று எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கரையோரம் குடிசை போட்ட ஏழை எல்லோர் கண்ணிலும் படுகிறான். வாய்க்காலையே மண் போட்டு மூடி மனை விற்றவன் எவன் கண்ணிலும் படுவதில்லை. வருஷம் போட்ட மேப் இருந்தால் எது எப்போது மறைந்தது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி பெரிய இடத்துக்கும் போகும்.

பூதலூர் வட்டாரத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கிளை வாய்க்கால்களுக்கு ஊரில் வழங்கும் பெயர் எந்த மேப்பிலும் முழுசாக இல்லை. எந்த மதகு எந்த வயலுக்கு என்று பழைய லஸ்கருக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு போய்க் கேட்டு எழுதினால் அதுவே பெரிய சேவை. சொன்னது எந்த வருஷத்துச் சங்கதி, பார்த்தது எந்த மேப் என்று கூடவே குறித்தால் போதும். தனி ஆட்களின் பெயர், பட்டா விவரம் எதுவும் மேப்பில் வேண்டாம்.

அடுத்த ஐப்பசியிலும் மழை வரும். தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். அதற்கு மேப் தேவையில்லை. நமக்குத்தான் தேவை.