இழுத்தால் போதுமா? நிற்க வேண்டாமா?



ஆகஸ்ட் பிறந்துவிட்டால் நம் ஊர் லைன்களில் வேளாங்கண்ணிப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா திருவிழா. நடந்து போகிறவர்கள் ஒரு பக்கம். ஜீப்பின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி, அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு, படுக்கை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி தயாரானது. மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குனிந்து பார்த்தேன். கொக்கியில் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரண போல்ட் தொங்கியது. சங்கிலி கிடையாது. டிரெய்லருக்கு பிரேக்கும் கிடையாது. கேட்டதற்கு, "தாத்தா, இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மலையையே இழுக்கும்" என்றான் ஓட்டுகிற பையன்.

"இழுக்கும் தம்பி. நிற்குமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னும் வைக்கிறேன்.

இப்படிக் கேட்க எனக்குத் தகுதி வந்தது என் சொந்தத் தவறால். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு என் தங்கை குடும்பம் ஊரை விட்டுக் குடியாத்தம் பக்கம் போனது. இரவல் ஜீப், இரவல் டிரெய்லர். ஓட்டியவன் நான். கட்டில், பீரோ, தையல் மிஷின், முப்பது வருடக் குடித்தனம் முழுவதும் அதில் இருந்தது. தங்கை மகள் சாமான்களின் மேல் உட்கார்ந்து வருவேன் என்று அடம் பிடித்தாள். வி.கோட்டாவில் மழை தூறியதால் அவளை ஜீப்புக்குள் ஏற்றினோம். பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. மிதித்து மிதித்து பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டது. ஒரு வளைவில் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கிக் கவிழ்ந்தது. ஜீப் மலைப்பக்கத்து மண்ணில் மோதி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தூறல் இல்லாதிருந்தால்? இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

வெட்கம் என்னவென்றால், நான் ரயில்வேக்காரன். இந்தப் பாடத்தை ரயில்வே 1889இலேயே படித்துவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று அயர்லாந்தில் அர்மா என்ற ஊரில், ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் உல்லாசப் பயணம் போன ரயில் ஏற்றத்தில் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். பிரிந்த பின்பகுதி சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதியது. 80 பேர் மாண்டார்கள். பெட்டிகள் பிரிந்தால் தானே பிடிக்கும் பிரேக் அந்த ரயிலில் இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில் பயணிகள் ரயில்களுக்கு அத்தகைய பிரேக்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. நம் ரயில்களிலும் குழாய் அறுந்தால் இரண்டு பகுதியும் தானாக நிற்கும்.

டிரெய்லருக்கும் இதுவே நியாயம். ஜீப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும்; அந்தத் தள்ளலையே கொண்டு டிரெய்லர் சக்கரத்தைப் பிடிக்கும் 'ஓவர்ரன் பிரேக்' என்ற அமைப்பு உண்டு. கொக்கி கழன்றால் ஒரு கம்பி இழுத்து அந்த பிரேக்கைப் போட்டுவிடும். பிரேக் இல்லாத டிரெய்லரில் கனமான பாரத்தோடு மலைப்பாதை இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1300 கிலோ ஜீப்பின் பின்னால் 700 கிலோ பூட்டினால், ஜீப்பின் பிரேக் தன் எடையைப் போல ஒன்றரை மடங்கு எடையை நிறுத்த வேண்டும். வேகம் 40இலிருந்து 60 ஆனால் அடக்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு ஆகும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொக்கிக்கு உரிய பின்னையே பூட்டுங்கள். இரண்டு சங்கிலிகளைக் கொக்கியின் அடியில் குறுக்காகப் போடுங்கள். கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்த வேண்டும். பின்பாரம் ஏறினால் டிரெய்லர் வாலாட்டும். அப்படி ஆட்டினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் போட்டிருக்கிறீர்களா? கொக்கியும் உயர்ந்து டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதை இறக்கி டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி செய்யுங்கள். பழைய ஜீப்புகளில் காய்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கர இழுவையைப் போடாதீர்கள். கியர் பெட்டிதான் கெடும். மேட்டில் ஏறும் கியரிலேயே பள்ளத்தில் இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்து, முதல் முப்பது கிலோமீட்டரில் நிறுத்தி ஹப் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ரயில் பெட்டிகளின் ஆக்சில் சூடேறியிருக்கிறதா என்று நாங்கள் பார்த்தது அப்படித்தான். பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் ஆளை ஏற்றாதீர்கள். பிள்ளைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இவ்வளவும் தேவையா என்று கேட்பீர்கள். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். அவர்கள் கேஜில் இறங்குமுன் கயிற்றையும் கொக்கியையும் தினமும் சோதிக்க வேண்டும் என்பது விதி. தினமும் சாமி கும்பிட்டுத்தான் இறங்கினார்கள். அதற்காகக் கயிற்றைப் பார்க்காமல் விட்டதில்லை. அந்த வம்சத்துக்கு ஒரு பின்னையும் சங்கிலியையும் பார்க்க அரைமணி நேரம் இல்லாமலா போய்விடும்?

தெருப்பையன் அன்று முணுமுணுத்துக்கொண்டே புது பின்னும் சங்கிலியும் வாங்கி வந்தான். பிரேக் வைக்க நாள் இல்லை என்றான். பாதி சாமானை இறக்கி, பஸ்ஸில் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினோம். இந்த ஆண்டு ஜூன் மாதமே வந்து, "தாத்தா, பிரேக் எங்கே வைக்கலாம்?" என்று கேட்டான். மாதாவின் அருளும் வேண்டும், பிரேக்கும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே போய் வாருங்கள்.