எல்லவில் இறங்கும் கூட்டமும் பதுளைக் கோச்சியும்

பண்டாரவளைக்கு 1894இல் வந்துவிட்ட ரயில், பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆயிற்று. இடையில் கிடந்த தூரம் சுமார் 20 மைல்தான். முப்பது வருடம் என்றால் தோட்டத்து லயத்தில் ஒரு தலைமுறை. பண்டாரவளையில் முதல் கோச்சி ஊதியபோது பிறந்த பிள்ளை, பேர் போட்டு, கலியாணம் கட்டி, தன் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிற காலம். மலையகப் பாதையில் 44 அடி ஓடினால் ஓர் அடிதான் ஏறலாம் என்பது கணக்கு; தெமோதரையில் மலை அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே பாதையை வளையமாகச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைத்தார்கள். தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் இந்தப் பாதையில் தங்களுக்கும் ஒரு பங்கு கேட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலமும் அந்தச் சுற்றும் தேயிலைப் பெட்டிக்காகவும் அரிசி மூட்டைக்காகவும் கட்டப்பட்டவை. இன்று கோச்சி வருகிற நேரத்தில் பாலத்தைச் சுற்றி மேட்டிலும் சரிவிலும் தண்டவாளத்தின் மேலேயும் கைபேசியை உயர்த்திப் பிடித்த கூட்டம். 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 லட்சம். குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாம் கடந்து 2024இல் அந்தத் தொகை மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பலர் எல்லவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. எல்ல என்பது ஒரே ஒரு பெரிய தெரு.

கொழும்புத் துறைமுகத்துக்கு ஓர் உல்லாசப் பயணக் கப்பல் வருகிறதென்றால், அது தரிக்க வேண்டிய இடம் மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். எத்தனை பயணிகள், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எத்தனை பேர் கண்டிக்கு, எத்தனை பேர் காலிக்கு, எத்தனை பஸ், எத்தனை வழிகாட்டி என்பதெல்லாம் கப்பல் முகவரின் மேசைக்கு வந்துவிடும். அந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடப்படுவது: கப்பல் புறப்படும் நேரம். மாலை எத்தனை மணிக்குக் கப்பலில் ஏறியிருக்க வேண்டும், அதற்குக் கண்டியிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும், கடுகண்ணாவையில் வாகனம் தேங்கினால் என்ன வழி என்று யாராவது ஒருவர் யோசித்து வைத்திருப்பார். எல்லவும் ஒரு துறைமுகந்தான், கடல் மட்டும் இல்லை. ஆனால் வரப்போகிறவர்களின் தொகை அங்கே யாருடைய மேசைக்கும் வருவதில்லை. ரயில் திணைக்களத்துக்குத் தன் ஆசனம் தெரியும், விடுதிக்காரருக்குத் தன் அறை தெரியும், வேன்காரருக்குத் தன் வேன் தெரியும். கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அசல் கப்பலும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. கொழும்பில் இறங்கும் கப்பல் பயணிக்கு ஒரு நாளில் எல்ல எட்டாது. அம்பாந்தோட்டை அப்படியல்ல, வெல்லவாய வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிப் போனது. அம்பாந்தோட்டையில் இப்படிக் கப்பல்கள் அடிக்கடி தட்டத் தொடங்கினால், ஒரே காலையில் நாற்பது பஸ் எல்ல மலையேறும் நாள் தூரத்தில் இல்லை.

எல்லவும் பதுளையும் இருக்கும் ஊவாவுக்குக் கூட்டம் புதிதல்ல. கூட்டத்தை நகர்த்தும் வித்தையும் இங்கே புதிதல்ல. வித்தை யாருக்காகப் பயன்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். ஊவாத் தோட்டங்களுக்குப் போக வேண்டியவர்களுக்கு மாத்தளை பாதி வழிதான். அங்கிருந்து மலைமேல் மலையாக ஏறி இறங்க வேண்டும். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கு எழுத ஆள் இருக்கவில்லை. தேயிலை வந்த பிறகு கணக்கு கச்சிதமானது. 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த சிறு தகரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும், ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் பற்றில் ஏறும். இன்று கப்பல் பயணியின் கழுத்தில் தொங்கும் அட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு வித்தியாசம்: அட்டைக்காரர் மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. 1917இலிருந்து மண்டபம் முகாம். அங்கே ஆட்களை இறக்கி, குளிப்பாட்டி, உடுப்பை அவித்து, அம்மை குத்தி, சில நாட்கள் தடுத்து வைத்து, பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். திருச்சியில் இருந்த இலங்கைத் தொழில் ஆணையகத்துக்கு எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பது தெரியும். இரக்கத்தைத் தேடினால் அதில் கிடைக்காது. ஆனால் ஒழுங்கு இருந்தது. ஒரு மாவட்டத்திலிருந்து கிளம்பிய குடும்பம் கடல் தாண்டி இத்தனையாவது நாள் இன்ன தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் நிற்கும் என்று சொல்லக்கூடிய ஒழுங்கு.

இன்னொரு கூட்டமும் வந்தது. அதைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. 1900 ஆகஸ்டில் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் போர்க் கைதிகள் கப்பலில் கொழும்புக்கு வந்தார்கள். அங்கிருந்து ரயிலில் தியத்தலாவை. ரயில் ஹப்புத்தளையைத் தாண்டிச் சில வருடங்களே ஆகியிருந்தன. சுமார் 5,000 பேர். அவர்களுக்காக ஒரு தகரக் கொட்டகை நகரமே எழுந்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், விளையாட்டு, கைதிகளே நடத்திய பத்திரிகை எல்லாம் உண்டு. அக்கம்பக்கத் தோட்டங்களில் பத்தடி அறைக்குள் முழுக் குடும்பம் படுத்திருந்த அதே காலம் அது. போர் முடிந்தும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த ஏங்கல்பிரெக்ட் என்ற போயர் இங்கேயே தங்கி, பிறகு யாலக் காட்டின் முதல் காவலர் ஆனார். (இன்று எல்லவிலிருந்து கிளம்பும் வேன்களில் பல போவது அவர் காத்த காட்டுக்கு. அங்கே ஒரு சிறுத்தைக்கு முன்னால் முண்டியடிக்கும் ஜீப்களை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ.)

பிறகு எதிர்த் திசைக் கூட்டம். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு பிரதமர்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பதுளை, பண்டாரவளை நிலையங்களில் தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பல் மாறினார்கள். அப்பன் ஒரு பட்டியலிலும் மகள் இன்னொரு பட்டியலிலும் இருந்த குடும்பங்களுக்கு மேடையிலேயே முடிந்தது எல்லாம். 1984இல் போரால் கப்பல் நிற்கும்வரை இது நடந்தது. கடவுச்சீட்டு, ரயில், கப்பல், அக்கரையில் முகாம் என்று சங்கிலி அறுபடாமல் இயங்கியது. லட்சக்கணக்கான ஆட்களை இடம்மாற்ற அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே அரசுக்குச் சில லயங்களை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வைக்கத் தெரியவில்லை. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டம். மண் சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. போக்கிடம் காட்டாமல் "எழும்பிப் போ" என்று சொல்வதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டோம். எங்கே போவது, எந்தக் காணியில் வீடு, வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எப்படி வருவது என்பதற்குப் பதில் இல்லாதபோது எந்தக் குடும்பம் எழும்பும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையகப் பாதை பல இடங்களில் அறுந்தது. பதினொரு வருட இடைவெளி இருந்தும் தோட்டங்களில் எழுந்த கேள்வி மாறவில்லை.

இதையெல்லாம் எல்லவோடு சேர்த்துப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். கூட்டத் திட்டமிடல் என்று எதைச் சொன்னாலும் அது மூன்று விஷயந்தான்: எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்கு. வருகிறவருக்கும் போகிறவருக்கும் தேயிலை வந்த பிறகு இந்த மாகாணத்தில் அந்தக் கணக்கைப் போட எப்போதும் ஒருவர் இருந்தார். தோட்டம் போட்டது, படை போட்டது, அரசு போட்டது. இருக்கிறவருக்கு மட்டும் யாரும் போட்டதில்லை. எல்லவில் இப்போது வருகிறவருக்கும் போடுவாரில்லை என்பதுதான் புதுமை, அதனால் இருக்கிறவர் இன்னும் ஓரமாகத் தள்ளப்படுகிறார்.

ஜூலை, ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலை தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வருடத்தின் தனி மணம் சேரும் காலம். கொழும்பு ஏலத்துக்கு லொறிகள் நேரத்துக்கு இறங்க வேண்டும். ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். அறுகம்பையில் அலைச் சறுக்குப் பருவமும் அப்போதுதான். கதிர்காமத் திருவிழாவும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். எல்லவிலிருந்து அறுகம்பைக்குப் போகிறவர், யாலவுக்குப் போகிறவர், கதிர்காமத்துக்குப் போகிற அடியார், தென்கரையிலிருந்து எல்லவுக்கு ஏறுகிறவர் எல்லாரும் சந்திக்கும் இடம் வெல்லவாய. அதற்கும் எல்லவுக்கும் இடையில் மலையை ஒட்டி வளைந்து இறங்கும் ஒற்றை வீதி. 2025 செப்டம்பர் 4 இரவு அந்த வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். விபத்துக்குப் பிறகு டயரையும் பிரேக்கையும் சோதித்தோம். இரவில் பெரிய பஸ்கள் அந்த இறக்கத்தில் எந்த நேரம் வரை ஓடலாம் என்ற கேள்வியையும் அதே சூட்டோடு கேட்டிருக்க வேண்டும்.

ரயிலுக்கு வருவோம். 2025 தொடக்கத்தில் எல்ல ரயிலுக்கான இணைய டிக்கெட்டுகள் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோய், பிறகு பல மடங்கு விலைக்கு வெளியில் விற்கப்பட்டது அம்பலமானது. குற்றப் புலனாய்வுத் துறை ஆட்களைக் கைது செய்தது. வெளிநாட்டவர் ஏமாற்றப்பட்டார் என்று நாடு வெட்கப்பட்டது. வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதே வண்டியின் மூன்றாம் வகுப்பில் பதுளை வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் கிழவிக்கு நிற்க இடமில்லை என்பது எந்த விசாரணைக்கும் வரவில்லை. கதவில் தொங்கிப் படம் எடுப்பவரைத் தாண்டி அவர் இறங்குவதற்குள் சில நேரம் வண்டி கிளம்பிவிடுகிறது. சுற்றுலா வேண்டாம் என்று தோட்டத்தில் யாரும் சொல்வதாக நினைக்க வேண்டாம். லயத்துப் பையன் ஆட்டோ ஓட்டுகிறான், பெண்பிள்ளை விடுதியில் வேலை செய்கிறாள், பாலத்தடியில் செவ்விளநீர் விற்கிறவருக்கு ஒரு நாளில் கிடைப்பது கொழுந்தில் கிடைப்பதைவிட மேல். கேட்கிறதெல்லாம் தன் ஊர்க் கோச்சியில் ஏற ஓர் இடம்.

கூட்டத்தை நேரம் பிரித்து விட வேண்டும் என்ற பாடத்தை உலகத்தின் பெரிய கப்பல் துறைகள் இடிபட்டுப் படித்தன. குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் 2019இல் கப்பல் நிறுவனங்களோடு பேசி, ஒரு நேரத்தில் இரண்டு கப்பல், 4,000 பயணி என்று வரம்பு வைத்தது. அலாஸ்காவின் ஜூனோ 2024இலிருந்து நாளுக்கு ஐந்து பெரிய கப்பல் என்றது. மூன்றும் நான்கும் ஒரே காலையில் வந்து மோதுவதைத் தவிர்க்க வருகை நேரத்தைப் பிரிப்பதுதான் இதன் உயிர். மொத்தத் தொகையைக் குறைப்பது இரண்டாவது. எல்லவிலும் பாலத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே கோச்சி நேரத்துக்குத்தான் வருகிறார்கள். ரயில் ஆசனம், விடுதி அறை, அம்பாந்தோட்டைக் கப்பல் வருகை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பதுளை மாவட்டச் செயலகம் வாரம் ஒருமுறை வெளியிட்டாலே வேன்காரர்கள் பாதிப் பேர் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். காத்துக் கிடப்பது அவர்களுக்கும் நட்டந்தான். அதே தாளின் மறுபக்கத்தில் மண்சரிவு அபாயத்தில் உள்ள லயங்கள், அவற்றின் ஆள்தொகை, மழை எச்சரிக்கை வந்தால் எந்த பஸ் எந்த மண்டபத்துக்கு என்பது இருக்கட்டும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பஸ், ஒரே வீதி, ஒரே பொலிஸ்.

காசு எங்கே என்பார்கள். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் நெரிசல் நாட்களில் பகல் பயணியிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கியது. அங்கே குடியிருப்பவருக்கும் வேலைக்கு வருபவருக்கும் படிக்க வருபவருக்கும் விலக்கு. எல்லவுக்கும் பாலத்துக்கும் அப்படி ஒரு கட்டணம் வருமானால், அதை மாகாணத்தின் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல் முதலில் ஒன்றுக்குச் செலவழிக்கலாம்: பதுளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையே, ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை எல்லாவற்றிலும் நின்று போகும், முன்பதிவு இல்லாத ஊர்க்காரர் வண்டி. காலையில் கிளினிக் தொடங்கும் முன்னே பதுளைக்கு வந்து சேர வேண்டும். பிற்பகலில் பள்ளிக்கூடம் விட்டு அரை மணி கழித்துக் கிளம்ப வேண்டும்.