கழுகு வராத குன்றம்

மார்கழி இளவெயிலில் நடப்பதே ஒரு சுகம். மகாபலிபுரம் போகிறவர்கள் வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சங்கு தீர்த்தம், பனி விலகிய புதர்க்காடு, பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம், 500-க்கு மேற்பட்ட படிகள்! குழந்தைகளுக்கு முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில், "கழுகு எங்கே, அம்மா?" என்பார்கள். நண்பகலில் பொங்கல் உண்ண வந்த இரட்டைக் கழுகுகள் 1990-களுக்குப் பிறகு வருவதில்லை. முன்பெல்லாம் அவை வராவிட்டால், 'கூட்டத்தில் பாவி இருக்கிறார்' என்பார்கள். நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் மடிந்ததற்கு முக்கியக் காரணம், மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற பறவையும் செத்தது. 2006-ல்தான் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடுத்தார்கள்.

புராணத்தோடு இதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பாவியைக் கூட்டத்தில் தேட வேண்டாம்.