துடைப்பம் யார் கையில்? செயலாராய்ச்சிக்கு ஒரு தலைப்பு

பி.எட். படிக்கும் தோழர்களுக்குச் செயலாராய்ச்சி புதிய சொல் அல்ல. தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை ஆசிரியரே எடுத்துக்கொண்டு, காரணத்தைத் தேடி, ஒரு மாற்றத்தைச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் நிலைமையை அளந்து எழுதுவதுதான் அது. ஆனால் வழக்கமான தலைப்புகளைப் பாருங்கள்: எழுத்துப் பிழை, கையெழுத்து, வாய்ப்பாடு, ஆங்கில வாசிப்பு. எல்லாம் தேவைதான். சாதி மட்டும் அந்தப் பட்டியலில் கண்ணில் படுவது அரிது.

செயலாராய்ச்சி என்ற கருத்தை முன்வைத்த கர்ட் லெவின் ஒரு யூதர். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு 1933இல் அமெரிக்கா போனவர். 1946இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'செயலாராய்ச்சியும் சிறுபான்மையினர் பிரச்சினைகளும்' என்பதுதான். பாகுபாட்டை எதிர்கொள்ள உருவான கருவியை நாம் ஒற்றுப்பிழை எண்ண மட்டும் வைத்திருக்கிறோம்.

நம் கொங்கு மண்டலத்தில் பிரச்சினைக்கா பஞ்சம்? 2018இல் அவினாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. 2022இல் பெருந்துறை அருகே பாலக்கரை தொடக்கப்பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்தது, ஒரு தாய் புகார் கொடுத்த பிறகே வெளியே வந்தது. தலைமையாசிரியை கைதானார்.

இவை குற்றங்கள். இவற்றுக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளியிலும் கழிவறை வாளி ஒரே நாளில் தலித் பிள்ளையின் கைக்கு வந்துவிடுவதில்லை. அதற்கு முன்பே துடைப்பம் வந்திருக்கும். கடைசி வரிசை வந்திருக்கும். புகாராக மாறாத இந்தப் பழக்கங்களைத் தினமும் பார்க்கும் இடத்தில் இருப்பவர் ஆசிரியர்தான்.

ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். வகுப்பைக் கூட்டியது யார்? தண்ணீர் எடுக்கப் போனது யார்? கடைசி வரிசையில் யார்? பதில் சொல்ல நான் யாரை எழுப்பினேன்? காலை வணக்கக் கூட்டத்தில் பேசியது யார்? வகுப்பில் யாருடைய சாதியையும் கேட்கவே கூடாது. சேர்க்கைப் பதிவேட்டோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் எல்லா வேலைக்கும் முறை வையுங்கள். இருக்கைகளை அகரவரிசைப்படி மாற்றுங்கள். நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சொன்னதும் இதுதான். பிறகு மறுபடியும் எண்ணுங்கள். எழுத்துப் பிழை ஆராய்ச்சியில் குறை பிள்ளையிடம் தேடப்படும். இதில் ஆசிரியர் தன்னையே சோதிக்க வேண்டும். அதனால்தான் பலரும் இதைத் தொடுவதில்லை.

ஊரின் ஆதிக்கச் சாதியைப் பகைத்துக்கொண்டு ஒற்றை ஆசிரியர் இதைச் செய்வது கடினம். ஆசிரியர் சங்கங்கள் துணை நிற்க வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இத்தகைய தலைப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

பி.எட். தோழர்களே, நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டே இந்தத் தலைப்பைக் கொடுங்கள். "இது சர்ச்சை, வேறு எடு" என்று வழிகாட்டி சொன்னால், லெவின் 1946இல் எழுதிய கட்டுரையின் தலைப்பை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.