கையொப்பமிடும் வாசகர்கள்

ஓசூர்ப் பட்டறைகளில் கடைந்தெடுத்த உதிரிப்பாகம் வண்டியேறுமுன் அதைக் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். கடைந்தவர் ஒருவர், பார்த்தவர் வேறொருவர். பார்த்தவரின் கையொப்பம் ஆய்வுத்தாளில் இருக்கும். பெரிய ஆலையிலிருந்து பெட்டி திரும்பி வந்தால் முதலில் தேடப்படுவது அந்தக் கையொப்பம்தான். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். போன்ற ஆலைகளைச் சுற்றி வளர்ந்த இந்த எல்லைப்புறத்துக்கு இது அன்றாடப் பழக்கம். இதே ஊரிலிருந்து நாள்தோறும் அத்திப்பள்ளியைக் கடந்து மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பிறர் செய்ததைப் படித்து அதற்குப் பொறுப்பேற்பது இவ்விரு தொழில்களுக்கும் பொதுவானது. இலக்கிய வாசகர்களாகிய நாம் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்றே தோன்றுகிறது.

கணினியை வலையோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு தானாக இயங்காது. அதற்கு டிரைவர் என்றொரு நிரல் வேண்டும். லினக்ஸில் அந்நிரல் திறமூலமானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றம் முன்மொழியலாம். ஆனால் முன்மொழிந்த மாற்றம் உள்ளே நுழைய, பிறர் அதைப் பொதுவில் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். 2004 முதல் மாற்றத்தை அனுப்புகிறவரும் அதைக் கைமாற்றி மேலே அனுப்புகிறவர்களும் தத்தம் பெயரை இட்டு ஒப்பமிடுவது வழக்கமாயிற்று. படித்தவருக்கென்று 'ரிவ்யூடு-பை' என்றொரு தனி வரியும் பின்னர் வந்தது. அவ்வரியின் பொருள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது: இதைப் படித்தேன், ஐயங்களை எழுதியவரிடம் கேட்டேன், அவர் பதில் நிறைவளித்தது, நான் அறிந்தவரை இதில் குறையில்லை, ஆயினும் இது பழுதின்றி இயங்கும் என்று உத்தரவாதம் தரவில்லை.

நம் நூல்களின் முகப்பில் இருக்கும் அணிந்துரைகளை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். சிறப்புப் பாயிரக் காலத்திலிருந்து புகழ்வதற்குக் கையொப்பமிடும் மரபு நம்மிடம் வளமாகவே இருக்கிறது. 'ஐயங்களைக் கேட்டேன், இன்னின்ன இடங்கள் மாறின, இனி இதில் எனக்கும் பங்குண்டு' என்று கையொப்பமிடும் அணிந்துரை எத்தனை கண்டிருக்கிறோம்? 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்த்தாரே, அந்தக் கடுமையான வாசிப்புக்கும் நாம்தான் வாரிசுகள். நிகழ்கால எழுத்தின்மீது அதைச் செலுத்தத்தான் தயங்குகிறோம்.

இத்தகைய வாசிப்பால் என்ன பயன் என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. அவ்வாண்டு செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27இன் சோதனை வடிவங்களை நிறுவிய சிலருடைய கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செயலற்றுப் போயின. கார்டு தன் முகவரி முதலிய அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் நிலைநினைவகத்தில் குப்பை எழுதப்பட்டிருந்தது. மென்பொருட் பிழை வன்பொருளையே முடக்கிவிட்டது. சந்தேகம் இயல்பாகவே 'இ1000இ' என்ற டிரைவர்மீது விழுந்தது. அதைத் துருவித் துருவிப் படித்தார்கள். உண்மைக் காரணம் அதில் கிடைக்கவில்லை; ஆனால் வேறு பலவீனங்கள் கண்ணில் பட்டன. அவற்றைச் சரிசெய்ததோடு, அந்நினைவகத்தில் எதுவும் தவறி எழுதிவிடாதபடி ஒரு பூட்டும் போட்டார்கள். அக்டோபர் 9 அன்று 2.6.27 அந்தப் பூட்டோடு வெளிவந்தது.

குற்றவாளி வேறிடத்தில் இருந்தது. கெர்னலின் இயக்கத்தைத் தடம்பிடிக்கும் 'எஃப்டிரேஸ்' என்ற கருவி, நிரல்கள் இருந்த இடங்களைக் குறித்துவைத்திருந்தது. வேலை முடிந்த சில நிரல்கள் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டன; அதே முகவரிகள் பிறகு நெட்வொர்க் கார்டுக்கு ஒதுக்கப்பட்டன. இதையறியாத கருவி, பழைய நிரல் அங்கேயே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போனது. அது பயன்படுத்திய கட்டளையோ, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் கண்ட மதிப்பையே அங்கு மறுபடி எழுதிவிடும் இயல்புடையது. சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. கார்டின் முகவரியிலோ அதுவே நஞ்சாயிற்று. சில நாட்களில் வந்த 2.6.27.1 பதிப்பில் அவ்வசதி முடக்கப்பட்டது.

தனித்தனியே படிக்கையில் சரியாகத் தோன்றிய இரண்டு பகுதிகள் சந்தித்த இடத்தில் பிறந்த பிழை இது. எழுதியவர் எவ்வளவு கவனமாயிருந்தாலும் இதைத் தனியே கண்டிருப்பது அரிது. வேறு திசையிலிருந்து வரும் வாசகர் தேவைப்படுவது இதனால்தான். காரணம் பிடிபடாத நாட்களிலும் கவனமான வாசிப்பு வீணாகவில்லை. அது ஒரு பூட்டை விட்டுச் சென்றது.

இம்மரபுக்கும் குறைகள் உண்டு. நெட்வொர்க் நிரல்களில் மாறிகளை நீண்ட வரியிலிருந்து குறுகிய வரிக்கு இறங்குமாறு அடுக்க வேண்டும் என்றொரு விதி இருக்கிறது. இதைச் சுட்டுவது எளிது; தர்க்கப் பிழையைக் காண்பது கடினம். கவிதையை விட்டு ஒற்றுப்பிழையைப் பிடித்துக்கொள்ளும் விமர்சகரை நாமும் அறிவோம். அப்பகுதியின் வழிகாட்டிக் குறிப்பே, வடிவச் சில்லறைகளோடு நின்றுவிடாமல் ஆழ்ந்து படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. இம்மரபு நம்பிக்கையின்மேல் நிற்பது என்பதும் ஒரு பலவீனமே. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் வேண்டுமென்றே பிழை பொதிந்த மாற்றங்களை அனுப்பிச் சோதித்த விவகாரம் 2021 ஏப்ரலில் வெடித்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அப்பல்கலைக்கழகத்திலிருந்து முன்பு வந்த நூற்றுக்கணக்கான மாற்றங்களை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. ஏமாற்றியவர்கள் செலவழித்தது பிறருடைய வாசிப்பு நேரத்தை.

அந்த நேரம்தான் அரிய பொருள். எழுத ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை. அனுபவம் எவ்வளவு என்று பாராமல் யாரும் படிக்கலாம் என்று அவ்வழிகாட்டியே அழைக்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பொறியியல் முடித்துவரும் இளைஞர்கள் முதல் நாளே டிரைவர் எழுத வேண்டியதில்லை. வேறொருவரின் நாற்பது வரி மாற்றத்தைப் படித்து, 'இந்த இடத்தில் நினைவகம் விடுவிக்கப்படுகிறதா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் நிறைவளித்தால் பெயரை இடலாம். கேஜ் பிடித்த கைகள் நிறைந்த வட்டாரத்துக்கு இது புதிய கலையன்று. நமக்கும் அதுவே பொருந்தும்: நண்பரின் கையெழுத்துப் பிரதி அடுத்தமுறை வரும்போது, வாழ்த்து எழுதுமுன் ஒரு கேள்வியாவது எழுதுவோம்.